வண்டியின் வயிறு

காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கஞ்சி போட்ட வெள்ளை வேட்டியில் முழங்கால்வரை புழுதி.

"அண்ணாச்சி, நல்லாத்தான இருக்கீக?" என்று குனிந்து கேட்டான் பட்டறைக்காரன் அருள்பாண்டி.

"சத்தம் போடாதலே. ரோட்டுல போறவன் எட்டிப் பாத்தா என் மானம் என்ன ஆகுறது?" என்றபடி ரத்தினசாமி மெல்ல நகர்ந்து வெளியே வந்தார். பட்டாசுக் கம்பெனி முதலாளி ஒருவர், ஆனைக்குட்டம் ரோட்டில் ஒரு ஃபைபர் பட்டறையில் மல்லாந்து கிடக்க நேரும் என்று அவர் ஜாதகத்தில்கூட எழுதியிருக்காது.

கார் அவருடையதல்ல, மருமகன் முத்துக்கிருஷ்ணனின் ஸ்போர்ட்ஸ் கார். மகளும் மருமகனும் சிங்கப்பூர் போயிருந்தார்கள். சாவி மாமனார் வீட்டில் இருந்தது. ஏழாயிரம்பண்ணையில் ஒரு கல்யாணம். வாசலில் அந்தச் சிவப்பு வண்டி பளபளவென்று நிற்கும்போது, பழைய காரில் போய் இறங்குவது குடும்பத்துக்கு அழகல்ல என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

பந்தியில் நாலு பேர் காதில் விழும்படி, "எங்க மாப்பிள்ளை வண்டியில ஒரு திருகாணிகூட டூப்ளிகேட் கிடையாது" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார். திரும்பும் வழியில் வெம்பக்கோட்டை வேகத்தடையில் வண்டியின் வயிறு உரசியது. அடியை மூடியிருந்த கறுப்புப் பேனல் மூன்று துண்டாக உடைந்து கழன்றுவிட்டது.

டூப்ளிகேட் என்பது அந்த வீட்டில் கெட்ட வார்த்தை. அவர்கள் பட்டாசு லேபிளைப் பார்த்து எவன் அச்சடித்தாலும், அவன் பிரஸ்ஸுக்கே நேரில் போவார் ரத்தினசாமி. லேபிள் கட்டுகளைக் கொளுத்தி, அச்சுப் பிளேட்டைத் தன் கண் முன்னால் வெட்டிப்போட வைத்த பிறகுதான் வீட்டுக்குச் சாப்பிட வருவார். அவருடைய அப்பா காலத்திலிருந்து வரும் வழக்கம் அது.

ஆனால் ஒரிஜினல் பேனல் வெளிநாட்டிலிருந்து வர மாதக்கணக்காகும் என்றார்கள். மாப்பிள்ளையோ ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுவார். வேறு வழியில்லாமல், நேற்றுக் காலை உடைந்த துண்டுகளைச் சாக்கில் சுற்றி அருள்பாண்டியிடம் கொண்டுவந்தார்.

அவன் துண்டுகளைப் புரட்டிப் பார்த்தான். டேப்பை எடுக்கவில்லை; போனில் ஒரு படம்கூடப் பிடிக்கவில்லை. "நாளைக்குச் சாயங்காலம் வண்டியோட வாங்க அண்ணாச்சி" என்றான். கண்ணாலேயே அளந்துவிட்டானே என்று ரத்தினசாமி அசந்துபோனார்.

சொன்னபடியே புதுப் பேனல் இப்போது ஒரு நூல் பிசகாமல் உட்கார்ந்திருந்தது.

"ஏலே, இது எதுக்குத்தான்? காருக்குக் கோவணமா?"

"வேகமாப் போறப்ப காத்து அடியில புகுந்து வண்டிய அலைக்கழிக்காம இருக்க, அண்ணாச்சி. ராக்கெட்டுக்குக் குச்சி மாதிரி."

"குச்சி இல்லாத ராக்கெட்டு அடுத்தவன் வீட்டுக்குள்ளல்லாலே போகும்!"

"அதேதான். கோயம்புத்தூர்ல இருந்தெல்லாம் ஆர்டர் வருது. ஒரிஜினல் வெலையில பத்துல ஒரு பங்குதான். பாத்தா அச்சு அசல் அதே."

"அந்தப் பெருமையெல்லாம் எங்கிட்டப் பேசாத. நான் இங்கன வந்ததே வெளியில தெரியக் கூடாது."

போன் அடித்தது. மாப்பிள்ளை! ரத்தினசாமி அவசரமாக வேட்டியில் ஒட்டியிருந்த புழுதியைத் தட்டிவிட்டுக்கொண்டு பேசினார்.

"மாமா, வண்டி பத்திரமா இருக்கா?"

"நிழலை விட்டு நகரல, மாப்பிள்ளை."

"அடியில எதுவும் தட்டிராமப் பாத்துக்கிடுங்க மாமா. பூராம் ஒரிஜினல்."

"எனக்குத் தெரியாதா மாப்பிள்ளை? ஊரெல்லாம் அதத்தான சொல்லிக்கிட்டுத் திரியுறேன்!"

போனை வைத்தார். இத்தனை காலம் அடுத்தவனைக் கூண்டில் நிறுத்திய குடும்பம், இனி மாப்பிள்ளை முன்னால் தலைகுனிந்து நிற்பதா? அவர் பட்டறையைச் சுற்றிப் பார்த்தார்.

"இந்தப் பேனலை வார்த்த அச்சு எங்கலே?"

அருள்பாண்டி தாடையால் காட்டினான். சுவரோரம் ஒரு நீளமான அச்சு சாய்ந்திருந்தது.

"சுத்தியலை எடு. எங்க வீட்டு வழக்கம் உனக்குத் தெரியுமில்ல? டூப்ளிகேட் எடுத்த அச்சு முழுசா இருக்கக் கூடாது. என்னைக்காவது மாப்பிள்ளை இந்தப் பக்கம் வந்து இதப் பாத்துட்டார்னா, நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவருக்கு முன்னால நிப்பேன்?"

"வேண்டாம் அண்ணாச்சி. நான் சாக்கப் போட்டு மூடி வச்சுக்கிடுதேன்."

"மூடி வச்சா நாறாதா? அச்சுக்கும் சேத்து எங்கிட்டப் பணம் வாங்கிக்கோ. எடுலே!"

அவன் அசையவில்லை. ரத்தினசாமி வேட்டியை மடித்துக் கட்டினார். மூலையில் கிடந்த சுத்தியலைத் தாமே எடுத்து, அப்பாவை மனதில் நினைத்துக்கொண்டு ஓங்கினார்.

அருள்பாண்டி பாய்ந்து வந்து, இரண்டு கையையும் விரித்து அச்சின் முன்னால் நின்றான்.

"அடிச்சிராதீக அண்ணாச்சி! மாப்பிள்ளை வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்லுவேன்?"

"ஏலே, மாப்பிள்ளை எதுக்கு இந்த அச்சப் பத்திக் கேக்கப் போறாரு?"

அருள்பாண்டி அவர் கையிலிருந்த சுத்தியலை மெல்ல வாங்கிக் கீழே வைத்தான்.

"நீங்க உடைச்ச பேனலே, அவருக்கு நான் இந்த அச்சுல எடுத்துக் குடுத்ததுதான், அண்ணாச்சி!"