கிழக்கு வாசல் படிக்கல்

"உங்க அப்பாவுக்குச் சொன்ன வாக்கு பலிக்கலைன்னா, அது சொன்னவர் தப்பா லாரிட்ஸ்? உங்கப்பா என்ன பண்ணித் தொலைச்சாரோ."

ரொட்டியை மென்றபடியே கேட்டார் ஓசியா. ஆலய வேலை தொடங்கிய இத்தனை வருஷமாக, மதியச் சாப்பாட்டுக்கு மணி அடித்தால் இந்தச் சண்டையும் தொடங்கிவிடும். ஓசியா கல்தச்சர்களுக்கு மேஸ்திரி. டென்மார்க்கிலிருந்து இந்த யூட்டா மலைக்கு வந்து சேர்ந்த லாரிட்ஸ், அவரிடம் இருக்கும் கைகளிலேயே நல்ல கை. வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

"எங்கப்பா என்ன பண்ணினார்? கைவண்டி இழுத்துட்டு இவ்வளவு தூரம் வந்தார். ஆளாளுக்கு ஆசீர்வாத வாக்கு சொல்ற நம்ம சபைக் கோத்திரப்பிதா அவர் தலையில கை வெச்சு, 'கர்த்தர் திரும்பி வருவதை உன் கண்ணால் காண்பாய்'னு சொன்னார். மூணாவது மாசம் காய்ச்சல்ல போய்ட்டார். எதைக் கண்டார்?"

"விசுவாசம் குறைஞ்சிருக்கும்."

"பலிச்சா தீர்க்கதரிசனம், பலிக்கலைன்னா எங்க விசுவாசம் குறைச்சல். நல்ல ஏற்பாடுப்பா. இப்படி ஒரு உத்தியோகம் எனக்குக் கிடைச்சா நான் எதுக்குக் கல்லு கொத்தறேன்?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். ஓசியா அசரவில்லை. சந்தேகம் என்கிற வியாதி அவருக்கு வந்ததே கிடையாது.

"என் கதைக்கு என்ன சொல்றே? 'போரில் உன் ரத்தம் சிந்தாது'ன்னு எனக்குச் சொன்னாங்க. தொப்பியில ரெண்டு குண்டு போச்சு. தலையில ஒரு கீறல் இருக்கா, பாரு."

"சுட்டவனுக்குக் கண்ணு சரியில்லை, அவ்வளவுதான்."

"சரி, அதை விடு. மாரெனை எடுத்துக்கோ."

சிரிப்பு நின்றது. மாரென், லாரிட்ஸின் மனைவி. இரண்டு வருஷமாக நெஞ்சு நோய். போன பனி உருகும்வரை தாங்கினாலே பெரிசு என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். இப்போது அடுத்த பனியே வரப்போகிறது. அவளுக்கும் சின்ன வயதில் கோத்திரப்பிதா சொன்ன வாக்கு ஒன்று உண்டு. அது ஊருக்கே மனப்பாடம்.

"'மலைகளின் நடுவே எழும்பும் கர்த்தருடைய ஆலயத்தின் வாசற்படியை உன் சொந்தக் கால்களால் தாண்டுவாய்.' இதானே? இன்னும் தாண்டலை. அதனாலதான் எழுந்து நடமாடிட்டிருக்கா. அவ உள்ளே கால் வைக்கிற அன்னிக்கு நீ என் முன்னால தொப்பியைக் கழட்டணும்."

லாரிட்ஸ் மடியில் விழுந்த துணுக்குகளைத் தட்டிவிட்டார். "பார்க்கலாம்."

"என்னத்தைப் பார்க்கறது? முதல்ல படிக்கல்லை முடி."

ஓசியாவின் கவலையெல்லாம் அந்தக் கல்லில்தான் இருந்தது. வண்டியும் சாமானும் போய்வரும் வழி என்று கிழக்கு வாசலின் படியைக் கடைசிக்கு வைத்திருந்தார்கள். அதைப் பதித்துவிட்டால் பிரதிஷ்டைதான். ஆனால் முதல் கல் லாரிட்ஸ் கையில் உடைந்தது. இரண்டாவதும் உடைந்தது. உள்ளே வெடிப்பு என்றார். இதற்கிடையில் மாரெனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் வாக்கு பொய்யாகிவிடுமே என்று ஓசியாவுக்கு ஒரே பதைப்பு.

மூன்றாவது கல்லை அவரே குவாரிக்குப் போய்ப் பொறுக்கி வந்திருந்தார். சாப்பாட்டு வாளியை வைத்துவிட்டு எழுந்து, சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். கணீர் என்றது. வெடிப்புள்ள கல் இப்படிப் பேசாது, பொத்தென்று சொல்லும்.

"மயிரிழை வெடிப்பு கிடையாது. சனிக்கிழமை பதிக்கறோம். மாரெனுக்கு நல்ல செருப்பாப் பார்த்து வை."

சாயங்காலம் வீட்டுக்குப் பாதி வழி போனபிறகுதான் ஓசியாவுக்கு வாளியை மறந்தது நினைவுக்கு வந்தது. திரும்பினார். கொட்டகையில் லாரிட்ஸ் மட்டும் இருந்தார். கல்லின் நட்டநடுவில் இரும்பு ஆப்பை நிறுத்தி, பெரிய சம்மட்டியை ஓங்கி இறக்கினார். கல் இரண்டாகப் பிளந்தது.

"அடப்பாவி." ஓசியா கொட்டகைக்குள் பாய்ந்தார். "அப்ப அந்த ரெண்டும் நீதானா? என்கிட்ட வாதத்துல ஜெயிக்கறதுக்காகப் பெண்டாட்டிக்குச் சொன்ன வாக்கையே பொய்யாக்கப் பார்க்கறியா? போன ஞாயித்துக்கிழமைகூட என்கிட்டக் கேட்டாளே, 'படி எப்ப முடியும்'னு."

லாரிட்ஸ் சம்மட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு, சட்டைக்குள்ளிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். மாரெனுக்குக் கோத்திரப்பிதா வாக்கு சொல்லச் சொல்ல, பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுதிக் கொடுத்த காகிதம். பாதியாக மடித்திருந்தது. மடிப்பு நைந்து போயிருந்தது.

"ஊருக்கெல்லாம் மேல் பாதிதான் தெரியும் மேஸ்திரி. அவளுக்குக்கூட இப்ப அவ்வளவுதான் ஞாபகம். பிரிச்சுப் படி."

ஓசியா பிரித்தார்.

'தாண்டிய அந்நாளிலே உன் ஜீவிய ஓட்டம் முடிந்து, சமாதானத்தோடே இளைப்பாறுவாய்.'

மறுநாள் காலை நான்காவது கல் வந்து இறங்கியது. ஆலய வேலைக்கெல்லாம் பெரியவரான கண்காணிப்பாளரும் கூடவே வந்து நின்றார். ஓசியா சுத்தியலை எடுத்து ஒரு தட்டுத் தட்டினார். கணீர் என்ற சத்தம் முற்றம் முழுக்கக் கேட்டது.

"உள்ளே வெடிப்பு இருக்கு. திருப்பி அனுப்பிடுங்க," என்றார் ஓசியா, கொஞ்சமும் சந்தேகமில்லாமல்.