கோழி இல்லாத கை

"அந்தக் கையைப் பின்னாலே வை" என்றாள் துரைசானி.

சமையல்காரன் வைத்தான்.

இடது கையில் கோழி. கால் கட்டாத கோழி, விலாவில் உதைத்துக்கொண்டே இருந்தது. வலது கை இப்போது முதுகுக்குப் பின்னால்.

நுங்கம்பாக்கத்து பங்களாவின் வராந்தா. காலை வெயில். எதிரே நாற்காலியில் துரைசானி, மடியில் பலகை, பலகைமேல் காகிதம். அவனைப் பார்ப்பாள், கோடு போடுவாள், தனக்குள் சிரித்துக்கொள்வாள்.

அந்தச் சிரிப்புதான் அவனுக்குப் பிடிக்கவில்லை.

பதினொரு வருஷமாக அவளுக்குச் சமைக்கிறான். கோழியைப் பிடித்துக்கொண்டு நில் என்றால் நிற்பான். சும்மா இருக்கிற கையை எதற்கு ஒளிக்கச் சொல்ல வேண்டும்?

போன மாதம் ஆயா ஞானப்பூவை வரைந்தாள். அவளைத் தலையை அண்ணாந்து, கையை வாயருகே தூக்கி நிற்க வைத்தாள். வெறும் கை. வெள்ளைக்காரர்களின் கேலிப் பத்திரிகையில் படம் அச்சாகி வந்தபோது அந்தக் கையில் பிராந்தி பாட்டில் இருந்தது. கன்னத்து மச்சத்தைக்கூட விடவில்லை, புண்ணியவதி.

ஞானப்பூ அதை மருந்துக்குக்கூடத் தொட்டவள் இல்லை.

துரை குடும்பம் அடுத்த மாதம் சீமைக்குக் கப்பலேறுகிறது. ஞானப்பூ வேறு வேலை தேடிப் போனாள். மூன்று பங்களாக்களில் அவள் முகத்தைக் கண்டதும் துரைசானிகள் சிரித்தார்கள். சிரித்துவிட்டுக் கதவைச் சாத்தினார்கள்.

அவனும் வேலை தேட வேண்டும். வீட்டில் ஆறு வயிறு.

முதுகுக்குப் பின்னால் கை வியர்த்தது. இதில் என்னத்தை வைக்கப்போகிறாள்? திருடின முட்டையா? வெள்ளிக் கரண்டியா?

அவள் மறுபடி சிரித்தாள்.

சட்டென்று கையை முன்னால் கொண்டுவந்தான். விரல்களை விரித்து, உள்ளங்கையை அவள் பார்க்க நீட்டினான்.

"நல்லாப் பாத்துக்குங்க தொரசாணி. என் கையில ஒண்ணும் இல்ல."

கோபப்படுவாள் என்று நினைத்தான். அவள் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"நல்லது. அப்படியே நில்லு."

பென்சில் விறுவிறுவென்று ஓடியது. தோள் கடுத்தது. அவன் கையை இறக்கவில்லை. எல்லா பங்களாவும் பார்க்கட்டும். வெறும் கை. நிம்மதியாக இருந்தது.

கடைசியில் பலகையை அவன் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

அவன்தான். அவன் தலைப்பாகை, அவன் மீசை, அவன் கோழி. எதிரே, அங்கே இல்லாத ஒரு துரை, முகத்தைச் சுளித்துக்கொண்டு. அந்தத் துரையின் முன்னால் கூனிக் குறுகி, பல்லை இளித்து, உள்ளங்கையை நீட்டி இனாம் கேட்டுக்கொண்டிருந்தான் அவன்.

அவன் பல்லைக் காட்டவேயில்லை.

நீட்டிய கை இன்னும் அந்தரத்தில் இருந்தது. பின்னால் கொண்டுபோனால் திருடன். இப்படியே வைத்திருந்தால் இது.

விரல்களை ஒவ்வொன்றாக உள்ளே மடக்கினான். கடைசியாகக் கட்டைவிரலை மேலே வைத்து அழுத்தினான்.

துரைசானி அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு, காலையிலிருந்து முதல் முறையாக, அவன் கண்ணைப் பார்த்தாள்.

பென்சிலைக் கீழே வைத்தாள். நாற்காலியைச் சற்றுப் பின்னால் நகர்த்திக்கொண்டாள்.