சகலையின் டிரோன்

தரையில் ஓடும் ரோபோவா, வானத்தில் பறக்கும் டிரோனா என்று கம்பெனி கேட்ட அன்று, தரையே பத்திரம் என்று ரோபோவுக்குப் புரோகிராம் எழுதப் போனார் இவர். இவருடைய சகலை டிரோனுக்குப் போனார். கைதட்டெல்லாம் டிரோனுக்கே. இவருக்கு வயிறு எரிந்த எரிச்சலில் ஊருக்கே வெந்நீர் போட்டிருக்கலாம்.

இன்று இரண்டில் ஒன்றைத்தான் முதலாளி வைத்துக்கொள்வார், மற்றதற்குப் பூட்டு. ரோபோ மைதானத்தை ஒழுங்காகச் சுற்றி வந்தது. டிரோனோ பாதியில் சார்ஜ் குறைந்து, மதிலைத் தாண்டிப் பறந்தே போய்விட்டது.

"என்ன சகல, கோவிச்சுக்கிட்டுப் போயிடுச்சா?" இவருக்கு வாயெல்லாம் பல்.

"சார்ஜ் குறைஞ்சா, நாம பதிஞ்சு வெச்ச இடத்துக்குத் திரும்பிடும். நான் இந்த மைதானத்தைத்தான் பதிஞ்சேன். யாரோ மாத்தியிருக்காங்க."

"செய்யறதையும் செஞ்சுட்டு அடுத்தவன் மேல பழியா?"

முதலாளி ரோபோ பக்கம் திரும்பினார். அப்போது சகலையின் போன் அடித்தது. அழைத்தது இவருடைய மனைவி, சகலைக்குக் கொழுந்தியாள். கையில் ரிமோட் இருந்ததால் சகலை ஸ்பீக்கரில் போட்டார்.

"அத்தான், ஞாயித்துக்கிழமை உங்ககிட்ட கேட்டு வாங்கிட்டு வந்தேன்னு இவர் பறக்கவிட்டாரே, அந்த டிரோன் இப்ப தானா வந்து எங்க மொட்டைமாடியில உக்காந்திருக்கு. மறுபடியும் நீங்கதான் குடுத்தனுப்பினீங்களா?"