வெயில் மாத்திரை

செருப்பு வார் மாட்டவில்லை. குனிந்து இழுத்துக்கொண்டிருந்த கணவன் வில்வதுரையைப் பார்த்து நாகஜோதி சிரித்தாள்.

"கம்பெனியில குடுக்குற வெயில் மாத்திரை போட ஆரம்பிச்சதுலேருந்து நல்லா சதை போட்டுட்டீக. முகமும் மாப்பிள்ளை கணக்கா செவந்து கெடக்கு."

"அப்ப இன்னொரு பொண்ணு பாக்கவா?" என்று கேட்டுவிட்டு, வெறுங்காலோடு சூரிய மின்தகடு துடைக்கப் போனவன் பிணமாகத்தான் வந்தான். அது சதையில்லை, நீர். சிறுநீரகம் இரண்டும் செத்துப் போயிருந்தன.

நிறுவனத்து மருத்துவர் பொறுமையாகச் சொன்னார்: "ரத்தக்குழாயை விரிச்சு உடம்புச் சூட்டை இறக்குற மருந்தும்மா. ஆரோக்கியமானவங்களுக்குக் கொடுத்துப் பார்த்தோம். சிறுநீரகத்துக்கு ஒண்ணும் ஆகல."

"அவுகள எங்க வச்சுப் பாத்தீக?"

"ஏசி அறையிலதான். வேளாவேளைக்குத் தண்ணி கொடுத்து."

நாகஜோதி மேசையில் ஓங்கி அறைந்தாள். "என் வீட்டுக்காரக நாப்பத்தெட்டு டிகிரி வெயில்ல நின்னாக. ஒண்ணுக்கு ஒதுங்குனாலே நீங்க கையில மாட்டிவிட்ட பட்டை கத்துது, கூலியப் பிடிக்குது. எவன்யா தண்ணி குடிப்பான்?"

"அவருக்கு முன்னாடியே ஏதாவது நோய் இருந்திருக்கலாம்."

"தெனம் காலையில சோதிச்சு, நல்லாருக்காகன்னு உள்ள விட்டது யாரு?"



மறுநாள் காலையிலும், மாத்திரையை விழுங்கிவிட்டு நாக்கைத் தூக்கிக் காட்டிய தொழிலாளர்களுக்குத்தான் வேலைத்தளத்தின் கதவு திறந்தது.