கிழிந்த இடது காது

"புதிய விலங்கு" என்றது மென்பொருள், நூற்றுப் பதினோராவது முறையாக.

ஷமீமாவுக்கு அந்தத் திரையை நாலு அறை அறையலாம் போல இருந்தது. ஐந்து மணிக்குள் மேலதிகாரி கேஷவ் சாருக்கு அறிக்கை போயாக வேண்டும். மணி இப்போதே மூன்றே முக்கால்.

உட்கார்ந்திருந்த இடமும் லேசுப்பட்டதல்ல. தாராவியில் அவள் அண்ணன் அர்பாஸ் நடத்தும் டீ சர்ட் அச்சுப் பட்டறை. முதுகுக்குப் பின்னால், காகிதத்திலிருந்து துணிக்கு அச்சை ஏற்றும் சூட்டு மெஷின் தம்மென்று இறங்குவதும் புஸ்ஸென்று ஏறுவதுமாக இருந்தது.

செம்பூரில் அவள் வேலை பார்க்கும் வனவிலங்கு அலுவலகத்தில் கணினி இரண்டு நாளாகப் படுத்துவிட்டது. அவளுடைய லேப்டாப்போ நாலு படத்தைத் திறந்தாலே மூச்சு வாங்கும். வேறு போக்கிடமில்லாமல், காட்டில் கட்டி வைத்த கேமரா ஒன்றின் ஆறு மாதப் படங்களைத் தூக்கிக்கொண்டு நேற்று இங்கே வந்து சேர்ந்தாள்.

விஷயம் ஒரு சிறுத்தையின் தலைவிதி.

போன வாரம் தாணே பக்கம் ஒரு அடுக்குமாடியின் கார் நிறுத்தத்தில் இளம் பெண் சிறுத்தை ஒன்று பிடிபட்டது. யாரையும் கடிக்கவில்லை. ஒரு காருக்கு அடியில் ஒடுங்கிக் கிடந்ததுதான் அது செய்த குற்றம்.

அதைத் திரும்பக் காட்டில் விடுவதா, ஆயுசுக்கும் கூண்டில் வைப்பதா என்று முடிவு செய்ய நாளைக் காலை கூட்டம். விட்டால் பிழைக்காது என்று ஒரு கட்சி அடித்துப் பேசிக்கொண்டிருந்தது. பிழைக்கும் என்று சொல்ல, கேஷவ் சாரிடம் இருந்த ஒரே சாட்சி ஜிலேபி.

ஜிலேபியும் இதே மாதிரி பிடிபட்டுக் காட்டில் விடப்பட்டவள்தான். அது நடந்து இரண்டு வருடமாகிறது. முதலில் அடையாளம் காண்பவர் பெயர் வைக்கலாம் என்பது அலுவலக வழக்கம். உடம்பெல்லாம் சுருள் சுருளாக இருந்த புள்ளிகளைப் பார்த்து அந்தப் பெயரை வைத்தது ஷமீமாதான்.

விட்ட நாளிலிருந்து ஜிலேபி எந்தக் கேமராவிலும் விழவில்லை. இந்தப் படங்களிலும் இல்லையென்றால், இறந்துவிட்டது என்றுதான் எழுத வேண்டும். கூண்டில் கிடக்கும் இளசின் கதையும் அதோடு முடியும்.

சிறுத்தைக்கு இடப்பக்கப் புள்ளிகள் வேறு, வலப்பக்கப் புள்ளிகள் வேறு. ஒன்றை வைத்து மற்றதைச் சொல்ல முடியாது. மென்பொருள் இரண்டையும் தனித்தனியாக வைத்துத்தான் பழைய படங்களோடு ஒப்பிடும்.

ஷமீமா வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தாள், குறைத்துப் பார்த்தாள். புள்ளிகளைக் கையாலேயே குறித்தும் கொடுத்தாள். அது பிடித்த பிடியை விடவில்லை. புதிய விலங்கு.

அவளைக் குடைந்தது காதுதான். ஜிலேபிக்கு இடது காது கிழிந்திருக்கும். இந்தப் படங்களில் நடந்து போகிற பெண் சிறுத்தைக்கும் காது கிழிந்திருந்தது. அதே நீளம், அதே வளைவு. ஆனால் வலது காது.

இப்படியா ஆசை காட்டி மோசம் செய்வது? அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"ஏட்டி, காலையிலேருந்து ஒரு சாயாகூடக் குடிக்கலியே" என்று அர்பாஸ் ஒரு கிளாஸைப் பக்கத்தில் வைத்தான். அவனுடைய மறு கையில் அடுத்த சட்டைக்கான காகிதம். அதில் ஒரு கிரிக்கெட் டீமின் பெயர், கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாறிக் கிடந்தது.

"தப்பா அடிச்சிருக்க, காக்கா." எரிச்சலை அண்ணன் மேலேயே காட்டினாள்.

"லூசு, பேப்பர்ல உல்டாவா இருந்தாத்தான் துணியில நேரா வரும். அந்த பட்டன்லயே செட் பண்ணி வச்சிருக்கு, எந்தப் படம் போட்டாலும் தானா திருப்பிரும்."

ஷமீமா வாய்க்குக் கொண்டுபோன கிளாஸைக் கீழே வைத்தாள்.

நேற்று அவன் காட்டிக் கொடுத்த பட்டன் அது. படங்களின் அடியில் இருக்கும் தேதிப் பட்டையை வெட்டி, அளவைச் சுருக்க, ஒரே அழுத்து போதும் என்றான். மூன்றாவதாகவும் ஒரு வேலை செய்யும் என்று சொல்லவில்லை. பட்டறையில் அதை யாரும் தனியாகச் சொல்லிக்கொள்வதில்லை. அங்கே எல்லாப் படமும் அப்படித்தான் போகும். எண்கள் இருந்த பட்டையையும் வெட்டிவிட்டதால், திரும்பியிருப்பது அவள் கண்ணிலும் படவில்லை.

முந்நூறு படங்களையும் திருப்பினாள். மறுபடி ஓடவிட்டாள். சாயா ஆறிப்போனது.

ஜிலேபி. தொண்ணூற்றேழு சதவீதம்.

வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. கோப்பின் தேதிப்படி கடைசிப் படம் வெறும் மூன்று வாரத்துக்கு முந்தையது. நன்றாகத் தின்று, உருண்டு திரண்டு, ராணி மாதிரி நடந்து போகிறாள். ஷமீமா அண்ணன் கையைப் பிடித்துக் குலுக்கிய குலுக்கலில், விஷயம் புரியாமலேயே அவனும் சிரித்தான்.

மென்பொருள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

ஜிலேபி கடந்து போன பத்தாவது விநாடியில் அதே பாதையில் ஒரு குட்டி வரும். ஆறு மாதமும் அவள் வாலைப் பிடித்துக்கொண்டே வந்திருந்தது. மாதத்துக்கு மாதம் வளர்ந்துமிருந்தது. அதையும் புதிய விலங்கு என்றே மென்பொருள் சொல்லி வந்ததால், யாரோ பெற்ற பிள்ளை என்று ஷமீமா விட்டிருந்தாள்.

இப்போது அதன் கட்டமும் பச்சையானது. பொருந்திய படம் காட்டில் எடுத்ததல்ல. போன வாரம் தாணேயில், கம்பிகளுக்கு இந்தப் பக்கம் நின்று கேஷவ் சார் தன் போனில் எடுத்து, பழைய படங்களோடு சேர்த்து வைத்தது.

அறிக்கைக்கு எழுதி வைத்திருந்த முதல் வரியை ஷமீமா அழித்தாள். பிறகு எழுதினாள்.

கூண்டில் இருப்பது ஜிலேபியின் மகள்.