உயிலும் ஆட்டுக்கால் சூப்பும்

"இருமல் இப்ப எப்படிங்க இருக்கு?"

"நேத்தைக்கு இன்னைக்கு ரொம்ப மோசம் சார்." ஸ்தனிஸ்லாஸ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு லொக்கு லொக்கென்று இருமினார்.

"அப்படியா!" என்றார் அருள்நாதன். குரலில் சந்தோஷம் எட்டிப் பார்த்துவிட்டது. சட்டென்று அதை விழுங்கிக்கொண்டு, "சூடா இருக்கறப்பவே குடிச்சிடுங்க" என்று தூக்குவாளியை நீட்டினார். உள்ளே ஆட்டுக்கால் சூப்.

அருள்நாதன் தென்னூரில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தின் ஹெட்மாஸ்டர். ஈ எறும்புக்குக்கூடக் கெடுதல் நினைக்காதவர். அப்பேர்ப்பட்டவர்தான், ஒரு மனிதர் எப்போது கண்ணை மூடுவார் என்று ஆறு மாதமாகக் காத்திருந்தார்.

காரணம் இருந்தது. எட்டாவதோடு நிற்கும் பள்ளியை ஹைஸ்கூல் ஆக்க வேண்டுமென்றால் விளையாட்டு மைதானம் வேண்டும். 1958 ஜூனில் ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வருகிறார். மைதானம் இல்லையென்றால், எட்டாவது முடித்த பதினாலு பெண்பிள்ளைகளின் படிப்பும் அத்தோடு சரி. தூரத்துப் பள்ளிக்கு பஸ் ஏற்றி அனுப்ப அப்பன்மார் யாரும் தயாரில்லை.

பள்ளிச் சுவரை ஒட்டியே ஸ்தனிஸ்லாஸின் முக்கால் ஏக்கர் காலி மனை. ரயில்வே கார்டாக இருந்து ரிடையர் ஆனவர். மனைவி போய்ச் சேர்ந்தாயிற்று, பிள்ளை குட்டி இல்லை. அருள்நாதன் போய்க் கேட்டபோது கறாராகச் சொல்லிவிட்டார்.

"உயில் எழுதி ரிஜிஸ்தரும் பண்ணியாச்சு. உங்க ஸ்கூலுக்குத்தான். ஆனா என் காலத்துக்கப்புறம். உயிரோட இருக்கிறவரைக்கும் ஒரு பிடி மண்ணு தரமாட்டேன்." சொல்லிவிட்டு இருமினார்.

அன்றிலிருந்து, ஞாயிறு பூசை முடிந்ததும் அருள்நாதனின் சைக்கிள் சூப்போடு நேராக அங்கேதான் போகும். ஒரு மணி நேரம் ரயில் கதை கேட்டுவிட்டு, திரும்பும் வழியில் மனையைக் காலால் அளந்து பார்த்துக்கொள்வார்.

மனைவி லூர்துராணிக்குச் சிரிப்பு. "அந்த மனுஷன் போகணும்னு ஆசையும் படறீங்க, வாராவாரம் சூப் குடுத்துத் தெம்பும் ஏத்தறீங்க. ஏதாவது ஒண்ணு செய்யுங்க!"

மே மாதம் பிறந்தது. மனசாட்சி குத்தியது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பாவசங்கீர்த்தனம் செய்யக் கோவிலுக்குப் போனார்.

அங்கே ஒரு சங்கடம். பங்குச் சாமியாருக்குக் காது மந்தம். பாவத்தைக் கத்திச் சொன்னால்தான் கேட்கும். அதனால் கூட்டமெல்லாம் கலையட்டும் என்று காத்திருந்தார். கடைசியில் தூணோரம், தலையோடு துண்டைப் போர்த்திக்கொண்டு யாரோ ஒருத்தர்தான் பாக்கி. ஒருத்தர்தானே என்று மண்டியிட்டார்.

"சாமி, ஒரு மனுஷன் சாகணும்னு நினைச்சேன்."

"என்னது? சத்தமாச் சொல்லு!"

"சாகணும்னு நினைச்சேன் சாமி! ஜூனுக்குள்ள!"

சாமி விதித்த அபராதம், மாதாவுக்கு ஐம்பது பிரியதத்த மந்திரம்.

மறுநாள் எந்த முகத்தோடு சூப் கொண்டுபோவது? அந்த ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் வீட்டிலேயே நின்றது.

திங்கட்கிழமை காலையில், "கார்டய்யா உங்களை உடனே வரச் சொன்னாரு" என்று ஆள் வந்தது. பாழும் நினைப்பு பலித்துவிட்டதோ என்று அருள்நாதனுக்கு அழுகையே வந்துவிட்டது. "சேசுவே, அவர் நல்லா இருக்கட்டும்" என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டு சைக்கிளை மிதித்தார்.

ஸ்தனிஸ்லாஸ் சலவை வேட்டி கட்டி, வாசலில் ஜட்கா வண்டியோடு நின்றார். இருமலைக் காணோம்.

"ஏறுங்க சார். ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போறோம். உயிலை ரத்து பண்ணப் போறேன்."

ஏறப்போன அருள்நாதன் காலைக் கீழே வைத்தார். பதினாலு பெண்பிள்ளைகளும் கண்முன்னால் வந்து நின்றார்கள்.

"உயில்னா நான் சாகணும்ல? ஜூனுக்குள்ள எனக்குத் தோதுப்படாது. அதான், தானப் பத்திரமா இன்னைக்கே எழுதிடலாம்னு."

ஜூனுக்குள்ள! தூணோரத்துத் துண்டு அப்போதுதான் அருள்நாதனுக்கு ஞாபகம் வந்தது. வெட்கத்தில் தலை தானாகக் குனிந்தது.

"தலையை நிமிருங்க சார். உங்களுக்கு அடுத்தாப்ல மண்டி போட்டது நான்தான். நானும் கத்தித்தான் சொன்னேன். எனக்கு இருமலே கிடையாது. உயிலைக் காட்டி, இருமிக் காட்டி, ஒரு மனுஷனை வாராவாரம் வீட்டுக்கு வரவழைச்சேன்னு."

பத்திரத்தில் கையெழுத்து விழுந்தது. வெளியே வந்ததும் அருள்நாதன் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ரயிலையே அதட்டிய கார்டய்யாவின் குரல், முதல்முறையாகத் தயங்கியது.

"இனிமே நான் இருந்தாலும் செத்தாலும் உங்களுக்கு ஒண்ணுதான். வர்ற ஞாயித்துக்கிழமை... சூப் வருமா சார்?"