ஏழாம் குப்பி

"அந்த ஏழாம் குப்பியைத் தூக்கிக் குப்பையில போடு!" தலைவர் ஹாகன் போட்ட சத்தம் மினியாபொலிஸ் ஆய்வகம் முழுக்க எதிரொலித்தது.

ரெனாட்டா அசையவில்லை. "மூணு தடவை செஞ்சு பாத்துட்டேன் டாக்டர். மூணு தடவையும் அதே கூடுதல் அளவுதான் வருது."

"அப்போ மூணு தடவையும் தப்பு பண்ணியிருக்கே! நோயில்லாதவங்க சிறுநீர் அது. ஆள் பத்தலைன்னு நம்ம ஆம்பளைங்களே சிரிச்சிக்கிட்டு வரிசையில நின்னு குடுத்தது. அதுல எப்படி ஏறும்?"

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. புரதம் எதையும் உண்டாக்காத வெறும் குப்பை என்று ஊரே ஒதுக்கிய ஒரு நீண்ட ஆர்.என்.ஏ. மூலக்கூறைக் கட்டிக்கொண்டு நான்கு வருடமாக மாரடிக்கிறாள். ஆண்களின் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் இருந்தால் அது சிறுநீரில் எகிறும், இல்லாவிட்டால் எகிறாது என்று காட்டத்தான் இத்தனை பாடும்.

வெள்ளிக்கிழமை நிதிக்குழு வருகிறது. நோயில்லாத ஒருவருக்கு எகிறியிருப்பதைப் பார்த்தால் கையை விரித்துவிடுவார்கள். அதோடு அவள் வேலையும் போச்சு.

"இரு, வந்துடறேன். இந்தக் காபி சனியன் வேற!" காலையிலிருந்து நான்காவது முறையாக ஹாகன் கழிப்பறைக்கு ஓடினார்.

பதிவேடு பார்க்கும் டெல்ஃபின் கிசுகிசுத்தாள். "அவரு சொல்றபடி கழிச்சிட்டுப் போயேன்டி. பொழைக்கிற வழியைப் பாரு."

"பொய் சொல்லி ஜெயிக்கவா? என் டெஸ்ட் தப்புன்னா தப்பாவே போகட்டும். நாலு வருஷம் நாசமாப் போச்சுன்னு நெனச்சுக்கறேன்."

ஹாகன் திரும்பி வந்தார். "டெல்ஃபின், ஏழாம் குப்பியைக் கழிச்சிடு."

"குப்பியில வெறும் நம்பர்தான் டாக்டர் இருக்கு. கழிக்கணும்னா பேருங்க இருக்கற கவரைப் பிரிச்சு, யாருதுன்னு பாத்து, காரணம் எழுதணும். நீங்க போட்ட ரூல்தான்."

"பிரியேன்! எவன் ஒழுங்காக் குடுக்கலைன்னு நானும் பாக்கறேன்."

டெல்ஃபின் உறையைக் கிழித்தாள். பட்டியலில் ஓடிய விரல் ஏழில் நின்றது.

ஹாகன் தாளைப் பிடுங்கிப் படித்தார். பிறகு நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார்.

ரெனாட்டா கிட்டே வந்தாள். "யாரு டாக்டர்?"

"நான்தான். நாலு தடவை ஓடினது காபியால இல்ல. உன் டெஸ்ட்டுல தப்பே இல்ல, ரெனாட்டா."